பல்லிப் பாண்டி எஞ்சினை இறக்காத கதை

ராஜபாளையத்திலிருந்து வில்லிபுத்தூர் போகிற ரோட்டில், சமுத்திரத்தின் புரோட்டாக் கடையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதுதான் உக்கிரபாண்டியின் கார் பட்டறை. போர்டில் எழுதியிருக்கிற பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "பல்லிப் பாண்டி பட்டறை எது?" என்று கேட்டால் போகிற பஸ்ஸே நின்று காட்டிவிட்டுப் போகும்.

பல்லி என்கிற பட்டம் சும்மா வரவில்லை. இருபது வயதில் பாண்டி அவ்வளவு ஒல்லி. சட்டை மட்டும் தனியாக நடந்து வருகிறது என்று நினைத்து நாய் குரைக்குமாம். பானெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் நான்கு விரல் இடம் இருந்தால் போதும், உள்ளே நுழைந்து, வேலையை முடித்து, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வருவான். ஒரு தடவை சைலன்சர் வழியாகப் போய் ரேடியேட்டர் வழியாக வெளியே வந்ததாக அவனே சொல்வான். யாரும் மறுத்ததில்லை. மறுத்தால் கதை இன்னும் நீளும்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதை இரண்டு தடவை படித்ததால் மொத்தம் ஆறு வருஷம் என்று கணக்குச் சொல்வான். "டீச்சருக்கு என்னப் பிரிய மனசு வரல, என்ன செய்ய?" என்பான்.

அந்தக் காலத்தில் அவன் வாயில் ஒரு வாசகம் ஓடிக்கொண்டே இருக்கும். "எஞ்சின இறக்கி வேல பாக்கவன் மெக்கானிக்கா? அவன் கசாப்புக்காரன்லே. வண்டிக்குத் தெரியாம அதுக்கு வைத்தியம் பாக்கணும்." இதை இருபது வருஷம் சொன்னான். அக்கம்பக்கத்து மெக்கானிக்குகள் எல்லோரையும் இதைச் சொல்லியே பகைத்துக்கொண்டான்.

இப்போது வயது ஐம்பத்திரண்டு. புரோட்டாக் கடைக்குப் பக்கத்தில் பட்டறை போட்ட பலனை பாண்டியின் வயிறு அனுபவித்துக்கொண்டிருந்தது. பல்லி உடும்பாகி, உடும்பு முதலையாகி, முதலையும் ஒரு முழு ஆட்டை விழுங்கியது போல் ஆகிவிட்டது. அதற்காக அவன் ஒளிந்துகொள்கிற ஆள் இல்லை. யாராவது கேலி செய்வதற்கு முன்னால் தானே முந்திக்கொள்வான். "நான் ஒரு வீட்டுக்குப் போனா, வயிறு முன்னால போயி காப்பியே குடிச்சு முடிச்சிரும். பொறவுதான் நான் வாசப்படியே ஏறுவேன்" என்பான்.

தன் வயிறு, வழுக்கை, குறட்டை, படிப்பு எல்லாவற்றையும் சந்தியில் வைத்துச் சிரிக்கிற பாண்டி, ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வருஷமாக அவனால் பானெட்டுக்குள் நுழைய முடியவில்லை. கை எட்டாத வேலை எது வந்தாலும், "இறக்கிருவோம்" என்று சொல்லி, உத்தரத்தில் தொங்குகிற, சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கை எஞ்சினுக்கு மாட்டிவிடுவான். கேட்டால், "அப்பத்தான் வேல சுத்தமா இருக்கும்" என்பான். ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தால்கூட பாண்டி எஞ்சினை இறக்கிவிடுவான் என்று சமுத்திரம் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், நாகஜோதியின் வண்டியை ஒரு டிராக்டர் இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் விட்டது.

நாகஜோதிக்கு வில்லிபுத்தூர். புருஷன் பட்டாளத்தில் எங்கேயோ பனிக்குள் நிற்கிறார். இவள் ஏழு பேர் உட்காருகிற பழைய டீசல் கார் ஒன்றை வைத்து ஓட்டுகிறாள். தினமும் காலை ஏழு மணிக்கு ஐந்து டீச்சர்களை ஏற்றி, பிளவக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் விட வேண்டும், சாயங்காலம் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதுதான் அவளுடைய பிழைப்பு.

"வ. புதுப்பட்டி தாண்டி வரும்போது ரேடியேட்டர் ஓஸ் வெடிச்சிருச்சுண்ணே. கொதிச்சுப் போச்சு."

"உடனே நிறுத்துனியா?"

"நிறுத்துனேன். வாய்க்கால்ல தண்ணி மோந்து கடகடன்னு ஊத்துனேன்."

பாண்டி தலையில் கை வைத்தான். "கொதிக்கிற எஞ்சின்ல எவனாவது பச்சத் தண்ணிய ஊத்துவானா? இரும்பு விரிசல் விட்டுரும்ல. எந்தக் கூறுகெட்டவன் உனக்கு அப்படிச் சொல்லிக்குடுத்தான்?"

"நீங்கதாண்ணே. வண்டி வாங்குன அன்னைக்கு, சூடானா தண்ணி ஊத்துத்தா, வேற ஒண்ணும் யோசிக்காதன்னீக."

'ஆறின பொறவு' என்கிற இரண்டு வார்த்தையை அன்றைக்கு அவன் விட்டுவிட்டான். கூறுகெட்டவன் யார் என்று தெரிந்ததால் பாண்டி அதற்கு மேல் விசாரணையை நடத்தவில்லை.

ஆயில் மூடியைத் திறந்தான். அடியில் சமுத்திரம் கடை டீ மாதிரி பாலும் தண்ணியுமாக ஒட்டியிருந்தது. தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. எஞ்சினுக்குத் தலைமேல் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கிற சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டிருக்கிறது. வேறு ஹெட் மாற்ற வேண்டும்.

"எப்ப முடியும்ணே?"

"எஞ்சின இறக்கணும். அஞ்சு நாளாகும்."

நாகஜோதியின் முகம் சுண்டிப்போனது. "திங்கக்கெழம காலையில வண்டி போயாகணுமேண்ணே. இன்னைக்குச் சாயங்காலம் பஸ்ல வந்துருவோம்னுட்டாக டீச்சருக. திங்கக்கெழம வரலன்னா வல்லரசு வேன சொல்லிருவாக. அவன் ஆறு மாசமா அதுக்குத்தான் நாக்கத் தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கான். ஒருநா ஏறி உக்காந்தா பொறவு எறங்க மாட்டாக."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"இறக்காமச் செய்ய முடியாதா? கீழ ஒண்ணும் கெடல. ஓஸ் வெடிச்ச உடனே நிறுத்திட்டேன். மேல மூடிய மாத்துததுக்கு எதுக்கு முழு எஞ்சினயும் இறக்கணும்?"

கேள்வி நூற்றுக்கு நூறு சரி. பாண்டிக்குத் தெரியும். ஹெட்டைப் பிடித்திருப்பது பத்து போல்ட். எட்டு போல்ட் வெளிச்சத்தில் நிற்கும். அந்த வண்டியில் எஞ்சின் பாதி முன் கண்ணாடிக்கு அடியில் போய்விடுவதால், கடைசி இரண்டு மட்டும் பரீட்சை நாளில் பாண்டி உட்கார்ந்த மாதிரி கடைசி பெஞ்சில் இருட்டுக்குள் ஒளிந்திருக்கும். அவற்றைக் கழற்ற, செய்கிறவன் எஞ்சின்மேல் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் கண்ணாடிக்கு அடியில் நீட்ட வேண்டும். நீட்டினால் இரண்டு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி ஓடும். படுக்கிறவனுக்கு வயிறு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"அப்படியில்ல ஜோதி" என்று பாண்டி தொண்டையைச் செருமினான். "இறக்காமப் பாத்தா பழைய கசடெல்லாம் உள்ள விழுந்துரும். மட்டம் பாக்க முடியாது. பொறவு இந்த மாதிரி எஞ்சினு ஒரு தினுசு. அதுக்கு நெஞ்சுக்குள்ள ஒரு இது இருக்கு."

"என்ன இது?"

"அது மெக்கானிக்குக்குத்தான் தெரியும்."

நாகஜோதி வெளியே போய், புரோட்டாக் கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். டீச்சர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது.

பாண்டி அவளைத் தகர ஓட்டை வழியாகப் பார்த்தான். ஊரில் இருக்கிற மெக்கானிக்குகளை எல்லாம் கசாப்புக்காரன் என்று சொன்ன பெரிய வாய் இது, ஒரு பெண்பிள்ளையிடம் 'எஞ்சினுக்கு நெஞ்சுக்குள்ள ஒரு இது' என்று உளறிவிட்டு நிற்கிறது.

சுற்றிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, மூச்சை முதுகெலும்பு வரைக்கும் உள்ளே இழுத்து, பானெட்டுக்குள் குப்புற நுழைந்தான். வயிறு ரேடியேட்டருக்கு மேலே இருக்கிற கம்பியைத் தாண்டியது. மார்பு எஞ்சின்மேல் படிந்தது. விரல் நுனி ஒன்பதாவது போல்ட்டைத் தொட்டது. பார்த்தியா, பல்லி பல்லிதான் என்று நினைத்துப் பெருமையாக மூச்சை விட்டான்.

அதுதான் தப்பு. விட்ட மூச்சு முழுவதும் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது கம்பிக்கு அந்தப் பக்கம் பாதிப் பாண்டி, இந்தப் பக்கம் பாதிப் பாண்டி. முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் வரவும் முடியவில்லை. உதைத்ததில் ஸ்டூல் வேறு உருண்டுவிட்டது. பின்பக்கப் பையில் போன் அடித்தது. வீட்டிலிருந்து பெண்டாட்டி மாரிச்செல்வி. எடுக்கிற கை எஞ்சினுக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

ஸ்டூல் விழுந்த சத்தம் கேட்டு சமுத்திரம் கையில் மாவோடு வந்தான். பின்னால் நாகஜோதி.

"என்ன மாப்ள, உள்ள யாரையும் தேடுதியா?"

"ஒரு சாமான் விழுந்துட்டு. எடுக்கேன்."

"கால் ரெண்டும் அந்தரத்துல ஆடுதே."

"காத்து."

ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து இழுத்தார்கள். முதல் இழுப்பில் செருப்பு வந்தது. இரண்டாவது இழுப்பில் சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்து எஞ்சினுக்குள் விழுந்தது. மூன்றாவது இழுப்பில், கிணற்றிலிருந்து பம்பு செட்டை உருவுகிற மாதிரி, பாண்டி வந்து தரையில் உட்கார்ந்தான். மூஞ்சியெல்லாம் கிரீஸ்.

நாகஜோதி உள்ளே எட்டிப் பார்த்தாள். அவனையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அஞ்சு நாளுன்னு சொன்னது வண்டிக்கா, உங்க வயித்துக்காண்ணே?"

பாண்டி சமுத்திரத்தைப் பார்த்தான். சமுத்திரம் தகரத்தைப் பார்த்தான்.

"வயித்துக்குத்தான் தாயி" என்றான் பாண்டி. "எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. அது இறங்க வேண்டிய அவசியமே இல்ல. எனக்குத்தான் கை எட்டல. மூணு வருசமா எட்டல. வார வண்டிய எல்லாம் இதுக்காகத்தான் இறக்கிக்கிட்டு இருக்கேன்."

"இத வந்த உடனே சொல்லிருந்தா நான் வேற ஆளாவது தேடிருப்பேன்ல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் ஒரு நக்கல் அடித்துத் தப்பித்திருப்பான். அவள் சும்மா சொன்னாள். பாண்டி மூஞ்சியில் இருந்த கிரீஸைத் துடைத்தான்.

நாகஜோதியே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கையை விட்டுப் பார்த்தாள். ஒல்லிக் கை, போல்ட்வரை போனது. ஸ்பேனரை மாட்டி இழுத்தாள். பத்து வருஷமாக அசையாத போல்ட், அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சமுத்திரம், "நான் பாக்கட்டா?" என்று கையைத் துடைத்தான்.

"வேணாம் மாப்ள" என்றான் பாண்டி. "இது புரோட்டா மாவில்ல. போல்ட் சுத்துதா, முறுக்குதான்னு கைக்குத் தெரியணும். ஒடஞ்சு உள்ள நின்னுட்டா அப்ப நெசமாவே எஞ்சின இறக்கணும்."

"வயசான காலத்துல உனக்கு எதுக்குலே இந்த வேல. எஞ்சினுக்கு மாட்டுத செயின் பிளாக்க உனக்கு மாட்டித் தூக்குனாத்தான் நீ இனிமே வேல பாப்ப" என்றான் சமுத்திரம்.

சொன்னவன் சிரித்தான். பாண்டியும் சிரித்தான். நாகஜோதி சிரிக்கவில்லை. உத்தரத்தைப் பார்த்தாள். செயின் பிளாக்கைப் பார்த்தாள். அதிலிருந்து நேர் கீழே பானெட்டைப் பார்த்தாள்.

"அண்ணே, அவரு சும்மாச் சொல்லல. தூக்கலாம்ல?"

"யார?"

"உங்களத்தான். மேல இருந்து இறங்குனா கம்பி தடுக்காது. வயிறு எங்கயும் இடிக்காது. காத்துல கெடக்கும்."

பாண்டி உத்தரத்தை அண்ணாந்து பார்த்தான். முப்பது வருஷத் தொழிலில் அவன் எஞ்சினைத் தூக்கியிருக்கிறான், கியர் பாக்ஸைத் தூக்கியிருக்கிறான், ஒரு தடவை சமுத்திரத்தின் புரோட்டாக் கல்லையும் தூக்கியிருக்கிறான். மெக்கானிக்கைத் தூக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"ஒரு டன்னுன்னு எழுதியிருக்கு. தாங்குமா?" என்றான் சமுத்திரம், செயின் பிளாக்கைத் தட்டி.

"எழுதுனவன் என்னப் பாக்கல" என்றான் பாண்டி. "ஆனாலும் தாங்கும்."

சனிக்கிழமை விடிந்ததும் மாரிச்செல்வி இரண்டு பழைய நூல் சேலையோடு வந்து இறங்கினாள். சமுத்திரம் எஞ்சின் தூக்குகிற பெல்ட்டை எடுத்தான்.

"அது சதைய அறுத்துரும், தள்ளுங்க" என்றாள் மாரிச்செல்வி. "மூணு பிள்ளையத் தொட்டில்ல போட்ட கை இது." சேலையை நான்காக மடித்து நெஞ்சுக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று கட்டி, கொக்கியில் மாட்டி முடிச்சுப் போட்டாள். "ஏங்க, ஒண்ணுக்குப் போறதுன்னா இப்பமே போயிட்டு வந்துருங்க."

சமுத்திரமும் நாகஜோதியும் சங்கிலியை இழுத்தார்கள். கடகடவென்று பாண்டி தரையை விட்டுக் கிளம்பினான். உத்தரம் ஒரு தடவை முனகிவிட்டு, விதியை ஏற்றுக்கொண்டது. வண்டியை அடியில் தள்ளினார்கள். "எறக்கு, எறக்கு, போதும், இன்னும் ரெண்டு விரக்கட" என்று பாண்டி மேலிருந்து உத்தரவு போட்டான். கடைசியில் எஞ்சினுக்கு ஒரு சாண் உயரத்தில் குப்புறத் தொங்கினான். கை இரண்டும் கண்ணாடிக்கு அடியில் தாராளமாகப் போனது.

ஒன்பதாவது போல்ட் 'டக்' என்று விட்டது. பத்தாவது விடவில்லை. துருவை இளக்குகிற ஸ்பிரே அடித்து அரை மணி நேரம் ஊறவிட வேண்டும். இறக்கிவிட்டு மறுபடி தூக்குவது பெரும்பாடு என்பதால் பாண்டி அப்படியே தொங்கினான். சமுத்திரம் கீழேயிருந்து ஸ்ட்ரா போட்டு டீ கொடுத்தான். சேத்தூர் பஸ் ஒன்று வேகம் குறைந்து, ஜன்னல் முழுக்கத் தலையாகக் கடந்து போனது. "டிக்கெட்டு வாங்கிட்டுப் பாருங்கலே" என்று பாண்டி தொங்கினபடியே கத்தினான்.

அரை மணி கழித்து, பத்தாவது போல்ட்டை மெல்லத் திருகினான். கண்ணை மூடிக்கொண்டான். உடைகிறதா, சுற்றுகிறதா என்று உள்ளங்கை சொல்ல வேண்டும். சுற்றியது.

ஹெட்டைத் தூக்கினார்கள். பாண்டியையும் இறக்கினார்கள். இனி ஒரே ஒரு கண்டம் பாக்கி. ஹெட்டுக்கு அடியில் இருக்கிற எஞ்சின் பிளாக்கும் சூட்டில் வளைந்திருந்தால், எந்தச் சேலையும் காப்பாற்றாது. எஞ்சின் இறங்கித்தான் ஆக வேண்டும். பாண்டி துடைத்து, இரும்பு ஸ்கேலை நிறுத்தி வைத்து, மெல்லிய ஃபீலர் தகட்டை எடுத்தான். தகடு ஸ்கேலுக்கு அடியில் நுழைந்தால் வளைவு. நுழையாவிட்டால் மட்டம்.

தகட்டை அவன் நுழைக்கவில்லை. நாகஜோதி கையில் கொடுத்தான்.

"நீயே பாருத்தா. நான் சொன்னா நீ எதுக்கு நம்பணும்?"

அவள் குறுக்கே வைத்துப் பார்த்தாள். நெடுக்கே வைத்துப் பார்த்தாள். மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தாள். எங்கேயும் நுழையவில்லை. அவள் அப்போதுதான் மூச்சு விட்டாள். பாண்டி அதற்கு முன்னாலேயே விட்டுவிட்டான். இந்தத் தடவை சுற்றிலும் கம்பி இல்லை.

பழைய ஹெட்டை லேத்துக்குக் கொண்டுபோனதில், நடுவில் மயிரிழை விரிசல் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் மதுரை பஸ்ஸில் புது ஹெட் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று போல்ட்டை மூன்று சுற்று முறுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் கடைசி இரண்டு போல்ட் வரும்போது பாண்டியை ஏற்றி, முறுக்கியதும் இறக்கினார்கள். மூன்றாவது சுற்றுக்குள் சமுத்திரமும் நாகஜோதியும் பழகிவிட்டார்கள். கூட்டமும் கூடிவிட்டது. புரோட்டாக் கடையில் அன்றைக்கு மாவு தீர்ந்துபோனது. ஒருவன் போனில் படம் பிடித்தான்.

"மூஞ்சி விழுதாலே?" என்று பாண்டி கேட்டான்.

"இல்லண்ணே, வயிறு மறைக்கி."

சாயங்காலம் நாலரை மணிக்கு நாகஜோதி சாவியைத் திருகினாள். வண்டி இரண்டு தடவை இருமி, புகை கக்கி, பிடித்துக்கொண்டது. பாண்டி பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சேத்தூர் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். அவன் ரோட்டைப் பார்க்கவே இல்லை. சூடு காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான். முள் பாதிக்கு ஏறி, அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

"அண்ணே, இனிமே வார வண்டிய என்ன செய்வீக?" என்று கேட்டாள்.

"இறக்க வேண்டியத இறக்குவேன். மத்ததுக்கு நான் ஏறுவேன்" என்றான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணியிலிருந்து பாண்டி போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தான். மாரிச்செல்வி இட்லியை வைத்துவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டாள். எட்டே முக்காலுக்குப் போன் வந்தது.

"அஞ்சு டீச்சரையும் விட்டுட்டேண்ணே. முள்ளு பாதிய விட்டு நகரல."

"வல்லரசு?"

"பஸ் ஸ்டாண்டுல வேனோட நின்னாரு. வணக்கம் வச்சேன்."

பாண்டி திண்ணையில் உட்கார்ந்தான். கால் அப்போதுதான் வலித்தது. "ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுன பொறவு ஒருதடவ கொண்டு வா. போல்ட்ட மறுபடி முறுக்கணும். தினம் நீ நூறு ஓட்டுத. சனிக்கெழம ஆயிரும்."

"அப்ப நீங்க மறுபடியும் தொங்கணுமா?"

"தொங்காம?"

"டீச்சருகளும் வாராகளாம்ணே. அந்தப் படம் அவியளுக்கும் வந்துட்டு. சனிக்கெழம லீவுதான, நேர்ல பாக்கணுங்காக. அஞ்சு பேரும்."

பாண்டி போனை வைத்தான். ஐந்து டீச்சர்கள். வீட்டுக்குள் பார்த்து, "ஏட்டி, சனிக்கெழமைக்கு என் நீலச் சட்டைய தேச்சு வையி" என்றான்.

"எதுக்கு?" என்று உள்ளேயிருந்து மாரிச்செல்வி கேட்டாள்.

"டீச்சருக வாராக. தொங்கும்போது பாக்க கொஞ்சம் லெட்சணமா இருக்கணும்ல."

"அதுக்கு எதுக்குச் சட்டைய தேய்க்கணும்" என்றாள் அவள். "சேல சுத்துனது போக வெளிய தெரியுறது உங்க காலு ரெண்டுந்தான். அதப் போயி நல்லாத் தேச்சுக் குளிங்க."